நான் எழுதாமல் விட்ட நான்கு வாக்கியங்கள்

கண்ணு,

நேற்று மத்தியானம் போனில் நான் உனக்குச் சொன்னது தப்பு. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். தபாலில் போட்டால் திங்கட்கிழமைக்குள் உன் கைக்கு வராது. அதனால் எழுதி முடித்ததும் பஸ் ஸ்டாண்டு பக்கத்து ஜெராக்ஸ் கடைப் பெண்ணிடம் கொடுத்துப் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து அனுப்பச் சொல்கிறேன். போனிலேயே சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே என்று கேட்பாய். போனில் நான் ஆரம்பித்தால் நீ நடுவில் பேசுவாய், எனக்குக் கோபம் வரும், கடைசியில் சாப்பிட்டாயா என்று மாறி மாறிக் கேட்டுக்கொண்டு வைத்துவிடுவோம். வேலை செய்த காலமெல்லாம் மற்றவர்கள் பேசியதை எழுதிப் பிழைத்தவள் நான். எனக்கு எழுத வருகிற அளவுக்குப் பேச வராது.

நீ சொன்னதை நினைவிருக்கிறபடி எழுதுகிறேன், தப்பிருந்தால் திருத்து. "பேஜாரா பூட்ச்சும்மா. கோர்ட்ல வெச்ச ரெக்கார்டிங் மெஷினு நடுவுல நின்னு போய்கீது. கரண்டு போய் வந்துச்சி பாரு, அப்போ. எட்டு நிமிசம் ஒண்ணுமே இல்ல. சாட்சி குறுக்கு விசாரணைல பதில் சொல்லிக்கினு இருந்த நேரம். கம்ப்யூட்டர் இன்னா பண்ணிகீது தெரியுமா, முன்னாடி பேசினதயும் பின்னாடி பேசினதயும் ஒட்டி, ஒரே பேச்சாட்டம் டைப் அடிச்சி வெச்சிகீது. திங்கக்கெழம நான் சரிபாத்தேன்னு கையெழுத்து போடணும்." நான் ஒரு நொடி கூட யோசிக்கவில்லை. "விசாரணைக்கு முன்னாடி எடுத்த வாக்குமூலம் ஃபைல்ல கீது இல்ல? அதே ஆளு சொன்னதுதான? அத்த பாத்து எழுதி ரொப்பிடுப்பா" என்றேன். "எங்க சுபேதார் சாபும் அதான் சொன்னாரும்மா" என்று நீ சிரித்தாய். பாரம் இறங்கின சிரிப்பு. போனை வைத்த பிறகு சோறு போட்ட தட்டு அப்படியே இருந்தது. "இன்னா, புள்ளைக்கு ஒடம்பு கிடம்பு சரியில்லியா?" என்று உன் அப்பா இரண்டு தரம் கேட்டார். அதெல்லாம் இல்லை என்று தட்டை மூடி வைத்தேன். நேற்று வரை அவரிடம் சொல்லாத விஷயம் என் வாழ்க்கையில் இது ஒன்றுதான்.

அந்த யோசனை எனக்கு அவ்வளவு சுலபமாக வாயில் வந்ததற்குக் காரணம் இருக்கிறது. நான் அதைச் செய்திருக்கிறேன்.

நான் எப்படி அந்த வேலைக்குப் போனேன் என்பது உனக்குத் தெரிந்த கதை. மானாம்பதியில் நாற்று நடப் போன குடும்பம். உத்திரமேரூர் பஜார் இன்ஸ்டிடியூட்டில் டைப்ரைட்டிங்கும் ஷார்ட்ஹேண்டும் ஹையர் பாஸ் பண்ணினேன். ராணுவ அலுவலகத்தில் சிவிலியன் ஸ்டெனோவாக வேலை கிடைத்தபோது எங்கள் தெருவே சபையில் ஸ்தோத்திரம் சொன்னது. உன்னிடம் அதை எத்தனை தடவை பெருமையாகச் சொல்லியிருப்பேன். கோர்ட் மார்ஷல் நடக்கிற அறையில் எனக்கென்று தனி மேஜை இருக்கும் என்பேன். பேசினதைப் பேசினபடி எழுதுவேன் என்று என்னையும் சத்தியம் செய்ய வைப்பார்கள் என்பேன். நீயும் கிளார்க்காகப் பட்டாளத்தில் சேர்ந்ததற்கு அந்தப் பெருமையும் ஒரு காரணம் என்று தெரியும். அதனால்தான் மீதியையும் நான் சொல்லியாக வேண்டும்.

கோர்ட்டில் பேசுவதைப் பதிவு பண்ண எந்த முறை நல்லது என்று உங்கள் ஆட்கள் இப்போது வாதம் பண்ணுகிறார்கள் என்றாய். நான் எல்லாவற்றையும் பார்த்தவள். சேர்ந்த புதிதில் கையாலேயே எழுதுகிற ஒரு மேஜர் இருந்தார். கோர்ட்டுக்குச் சட்டம் சொல்ல உட்கார்ந்தவர் அவர். சாட்சி ஒரு வாக்கியம் சொன்னதும் இடது கையைத் தூக்குவார். அறை மொத்தமும் வாயை மூடிக்கொண்டு நிற்கும். பேனா ஓடி முடிந்ததும் கையை இறக்குவார். ஒரு நாள் வேலை மூன்று நாள் இழுக்கும். அடுத்த பொய்யை ஜோடிக்கச் சாட்சிக்கு அவரே அவகாசம் கொடுக்கிறார் என்று மற்ற அதிகாரிகள் முணுமுணுப்பார்கள். அவர்கள் சொன்னதும் சரிதான். ஆனால் அவருக்கு ஏதாவது விட்டுப்போனால் எல்லார் எதிரிலும் "திரும்பச் சொல்லு" என்று கேட்பார், வெட்கப்பட மாட்டார். அவர் போன பிறகு டேப் ரெக்கார்டர் வைத்துப் பார்த்தார்கள். ஃபேன் சத்தமும் இருமலும் பிரமாதமாகப் பதிந்தன. சாட்சி தலையை ஆட்டினதும் கையைக் காட்டினதும் பதியவில்லை. அதையும் மூலையில் போட்டுவிட்டு என்னைத்தான் நம்பினார்கள். ஷார்ட்ஹேண்டில் யாரும் காத்திருக்க வேண்டாம். சாட்சி ஓடுகிற வேகத்தில் பென்சிலும் ஓடும். அது நின்றால் மட்டும் யாருக்கும் தெரியாது, எழுதுகிறவளுக்கு மட்டும்தான் தெரியும்.

நீ ஒரு தடவை லீவில் வந்தபோது ஒரு வீடியோ காட்டினாய். வெளிநாட்டுக் கோர்ட்டில் ஒருத்தி வாயில் மூடி மாதிரி ஒன்றை அழுத்திக்கொண்டு, அங்கே பேசுகிற எல்லாருடைய பேச்சையும் தன் குரலில் மெதுவாகத் திருப்பிச் சொல்லிப் பதிவு பண்ணிக்கொண்டிருந்தாள். "ஆஸ்பத்திரில ஆக்சிஜன் வெச்சாப்ல கீது" என்று நான் சிரித்தேன். பிறகு தனியாக யோசித்தபோது சிரிப்பு வரவில்லை. ஒவ்வொரு வார்த்தையும் தன் வாய் வழியாகப் போக வேண்டும் என்றால், ஒரு மனுஷி அவ்வளவு சுலபமாக எதையும் விழுங்க முடியாது என்று தோன்றியது. உன் கம்ப்யூட்டருக்கு அந்தக் கஷ்டமே இல்லை. அதனிடம் எனக்குப் பயமே இதுதான். கேட்காத இடத்தில் கேட்கவில்லை என்று சொல்ல அதற்குத் தெரியவில்லை, ஒட்டிவிடுகிறது. நானும் அப்படித்தான் ஒட்டினேன்.

நீ அப்போது இரண்டாம் வகுப்பு. குற்றம் சாட்டப்பட்டிருந்தவர் ஒரு இளம் சிப்பாய். காவல் போட்ட இடத்தை விட்டு அனுமதி இல்லாமல் போய்விட்டார் என்று வழக்கு. குற்றப்பத்திரிகையை டைப் அடித்தவளே நான்தான். அதில் ஊர் தென்னேரி என்று இருந்தது. அவர் பெயரை இங்கே எழுதவில்லை. அவரைக் கேட்காமல் எழுத எனக்கு உரிமை இல்லை. தென்னேரி ஏரித்தண்ணீர் பாய்கிற வயலில் கூலிக்குப் போகிற வீட்டுப் பிள்ளை என்று, அவர் நிற்கிற நிற்பிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. நம் ஜனங்கள் அதிகாரி முன்னால் நிற்கும்போது கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நிற்பார்களே, அட்டென்ஷனில் கூட அந்த நிற்பு அவரிடம் இருந்தது.

அவரோடு கூடக் காவல் நின்ற இன்னொரு சிப்பாய்தான் சாட்சி. விசாரணைக்கு முன் எடுத்த வாக்குமூலத்தில், "அவன் யாரிடமும் சொல்லாமல் போனான்" என்று சொல்லியிருந்தான். கோர்ட்டில், தென்னேரிக்காரருக்காக வாதாடிய சின்ன வயதுக் கேப்டன் குறுக்குக் கேள்வி கேட்டபோது அவன் உடைந்துவிட்டான். தமிழில் கடகடவென்று நான்கு வாக்கியம் சொன்னான். அதை ஒருவர் இங்கிலீஷில் மாற்றிச் சொல்வார், அந்த இங்கிலீஷைத்தான் நான் எழுத வேண்டும். அன்று நான் தமிழிலேயே கேட்டுவிட்டேன். நிமிர்ந்து தென்னேரிக்காரரின் முகத்தைப் பார்த்தேன். அந்த முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. பென்சில் என் கையில் சும்மா இருந்தது. ஸ்டெனோவாக இருந்த அத்தனை வருஷத்தில் நான் மனுஷியாக உட்கார்ந்து கேட்டது அந்த அரை நிமிஷம்தான், அந்த அரை நிமிஷத்தைத்தான் எழுதாமல் விட்டேன். மாற்றிச் சொன்ன இங்கிலீஷும் அதற்குள் முடிந்துவிட்டது. எதிர்த்தரப்பு அதிகாரி கேள்வி எதுவும் இல்லை என்றார். சாப்பாட்டுக்குக் கோர்ட் எழுந்துவிட்டது.

உடனே எழுந்து "சார், கடைசிப் பதில் எனக்கு விட்டுப்போச்சு" என்று சொல்லியிருக்கலாம். அந்தப் பழைய மேஜராக இருந்தால் கையைத் தூக்கியிருப்பார். நான் தூக்கவில்லை. அந்த அறையில் இருந்த ஒரே பெண், காலனியிலிருந்து வந்து அந்த மேஜையில் உட்கார்ந்தவள். தப்பே விடாத ஸ்டெனோ என்று பெயர் வாங்கி வைத்திருந்தேன். அந்தப் பெயரைக் காப்பாற்றப் பார்த்தேன். மத்தியானம் டைப் அடிக்கும்போது நோட்டில் இரண்டு விரல் அகலத்துக்கு வெள்ளையாக இருந்தது. பக்கத்தில் பழைய வாக்குமூலம். அதே சாட்சி, அதே சம்பவம். கேட்டது என்னவென்று எனக்குத் தெரியும், ஆனால் மாற்றிச் சொன்ன அந்த இங்கிலீஷ் வார்த்தைகள் வார்த்தைக்கு வார்த்தை தெரியாது. தெரியாததை எழுதக் கூடாது என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டு, வாக்குமூலத்தில் இருந்ததைப் பார்த்து அடித்தேன். "அவன் யாரிடமும் சொல்லாமல் போனான்." டைப் சுத்தமாக வந்தது.

சாட்சிக்குப் படித்துக்காட்ட வேண்டும் என்று விதி இருக்கிறது, உனக்கே தெரியும். படித்துக்காட்டினார்கள். சாயங்காலம், எல்லாருக்கும் களைப்பு. அந்த வரி வந்தபோது சாட்சி தலையைத் தூக்கினான். நான் பார்த்தேன். "எல்லாம் நீ சொன்னதுதான? சரிதான?" என்று மாற்றிச் சொல்கிறவர் அதட்டலாகக் கேட்டார். அவன் தலையைக் குனிந்துகொண்டு "சரிதான் சார்" என்றான். தன் தப்பு காகிதத்தில் ஏறவில்லை என்று அவனுக்கும் ஒரு ஆறுதல் இருந்திருக்கும். அவனை நான் குறை சொல்ல முடியாது. அவனும் நானும் ஒரே காரியத்தைத்தான் செய்தோம்.

நாலு நாள் கழித்து அந்தக் கேப்டன் தன் வாதத்தில் அந்தப் பதிலைச் சொன்னார். அப்போது சட்டம் சொல்ல உட்கார்ந்திருந்த அதிகாரி தாள்களைப் புரட்டிவிட்டு, "பதிவில் அப்படி ஒன்றும் இல்லையே" என்றார். என் பக்கம் திரும்பி, "இருக்கிறதாம்மா?" என்று கேட்டார். நான் பக்கத்தைப் பார்த்தேன். "இல்லை சார்" என்றேன். சொன்னது உண்மைதான், பக்கத்தில் இல்லை. தீர்ப்புச் சொல்ல உட்கார்ந்த ஐந்து அதிகாரிகள் காதால் கேட்ட விஷயம். காகிதத்தில் இல்லை என்றதும் ஒருவர் நெற்றியைச் சொறிந்தார், ஒருவர் கேப்டனைச் சந்தேகமாகப் பார்த்தார். தங்கள் காதை விட என் டைப்பை நம்பினார்கள். தீர்ப்பை உறுதி செய்கிற பெரிய அதிகாரி கோர்ட்டுக்கே வருவதில்லை. யாருடைய முகத்தையும் பார்க்காமல் தாளை மட்டும் படித்துக் கையெழுத்துப் போடுகிறவர். அந்தத் தாளில் என்ன இருந்ததோ அதைத்தான் அவர் படித்தார். தென்னேரிக்காரரை வேலையிலிருந்து நீக்கி அனுப்பினார்கள். நோட்டுகளைப் பிறகு விதிப்படி எரித்துவிட்டார்கள். அந்த இரண்டு விரல் வெள்ளை இருந்ததற்கு இன்றைக்கு என்னைத் தவிர அத்தாட்சி இல்லை.

இதை எப்படியோ மூடி வைத்து வாழ்ந்துவிட்டேன். ஒரு தடவைதான் அது என் எதிரில் வந்து நின்றது, நீயும் பக்கத்தில் இருந்தாய். ஏனாத்தூர் பக்கம் உனக்குக் கல்லூரி விண்ணப்பம் வாங்கப் போனோமே, நினைவிருக்கிறதா? கேட்டில் வாட்ச்மேன் ஒருவர் என்னைப் பார்த்து விறைப்பாக சல்யூட் அடித்தார். நீ திகைத்துப் போனாய். "ஸ்டெனோ மேடம் தானே? நான் தென்னேரி மேடம்" என்றார். உன்னைத் தண்ணீர் பாட்டில் வாங்கிவர அனுப்பினேன், வெயில் என்று சொல்லி. நீ போன பிறகு அவர் சொன்னதைக் கேள். "அவன் சொன்னான் மேடம், என் காதால கேட்டேன். அந்த கேப்டனும் சொன்னாரு. ஆனா பேப்பர்ல ஏறல. நம்ம பேச்சு பேப்பர்ல ஏறாது மேடம், அது அப்படித்தான். நீங்க இன்னா பண்ணுவீங்க, அவங்க சொல்றததான நீங்க எழுதணும்?" கடைசியாக அவர், "அந்த ரூம்ல நீங்க ஒருத்தர்தான் மேடம் நிமுந்து என் மூஞ்சிய பாத்தீங்க. அத்த நான் மறக்கல" என்றார்.

நீ தண்ணீரோடு வந்து "யாரும்மா அவரு?" என்று கேட்டாய். "தெரியலப்பா, யாரோ" என்று உன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தேன். அந்தக் கல்லூரியில் சேர வேண்டாம் என்று நான் அடம்பிடித்ததற்கு ஃபீஸ் காரணம் இல்லை. தினமும் நீ அந்த கேட்டைத் தாண்டிப் போவாய் என்கிற பயம். உன் படிப்பை நான் அப்படித் திருப்பிவிட்டேன். அதற்கும் உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.

இங்கே உத்திரமேரூர் பெருமாள் கோயில் கல்வெட்டைப் பார்க்கக் கார் காராக வருகிறார்கள். அந்தக் காலத்து ஊர்ச்சபைக்குக் குடத்தில் ஓலை போட்டு ஆளை எடுத்த விதியெல்லாம் ஒரு எழுத்து விடாமல் கல்லில் இருக்கிறதாம். நிலம் வைத்திருந்தவர்களின் பேர்தான் அந்தக் குடத்தில் விழும், நம் ஆட்களின் பேர் விழுந்திருக்காது. முன்பெல்லாம் அதை நினைத்தால் எனக்குக் கோபம் வரும். தென்னேரிக்காரர் அன்று பேசின பிறகு, அப்படிக் கோபப்படுகிற யோக்கியதை எனக்குப் போய்விட்டது. நம் ஆள் ஒருவரின் பேச்சு காகிதத்தில் ஏற வேண்டிய நாளில், பென்சில் நம் ஆளின் கையில்தான் இருந்தது.

இப்போது உன் விஷயம். அந்த எட்டு நிமிஷத்தில் உன் சாட்சி வாக்குமூலத்தில் இருந்ததையே சொல்லியிருக்கலாம். வேறு சொல்லியிருக்கலாம். எனக்குத் தெரியாது, நீயும் மெஷினை நம்பிக் கவனிக்கவில்லை என்றாய். அதனால்தான் சொல்கிறேன், ரொப்பாதே. கம்ப்யூட்டர் ஒட்டினதைப் பிரித்து, நடுவில் "இந்த இடத்தில் எட்டு நிமிஷம் பதிவு இல்லை" என்று எழுது. திங்கட்கிழமை கோர்ட் கூடினதும் அந்தச் சாட்சியைத் திரும்பக் கூப்பிட வேண்டும் என்று நீயே எழுந்து சொல்லு. சுபேதார் முறைப்பார். ஹவில்தார் பிரமோஷன் தள்ளிப்போகலாம். மெஷினைச் சரியாகப் பார்த்துக்கொள்ளவில்லை என்று உன் மேலேயே ஒரு காகிதம் கிளம்பலாம். அதெல்லாம் நடக்காது என்று உனக்கு நான் உறுதி தர முடியாது. தப்பே விடாதவன் என்ற பேர் உனக்குப் போகும், அது நிச்சயம். அந்தப் பேரை நான் கடைசி வரை வைத்திருந்தேன். ரிட்டயர்மெண்ட் அன்று மேடையில் அதைச் சொல்லித்தான் சால்வை போர்த்தினார்கள். அந்தச் சால்வையை நான் ஒரு நாளும் போர்த்திக்கொள்ளாததை நீ கவனித்திருக்க மாட்டாய்.

உனக்கு மட்டும் உபதேசம் பண்ணிவிட்டு நான் இங்கே உட்கார்ந்திருப்பதும் சரியில்லை. இன்று காலையில் உன் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் குறுக்கே பேசாமல் கடைசி வரை கேட்டார். பிறகு, "அந்தாளு இப்பவும் அங்கதான் கீறாரா?" என்று மட்டும் கேட்டார். விசாரித்ததில் இருக்கிறார் என்று தெரிந்தது. நாளைக்குப் பத்து மணி பஸ்ஸில் ஏனாத்தூர் போகிறேன். இந்தக் கடிதத்தின் நகலை அவர் கையில் கொடுக்கப் போகிறேன். இத்தனை வருஷம் கழித்துச் சட்டப்படி ஏதாவது ஆகுமா என்று தெரியாது. என்ன எழுதித் தரச் சொன்னாலும் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருவேன், என் மேல் நடவடிக்கை வந்தால் வரட்டும். அவர் என்னைத் திட்டலாம். இனிமேல் சல்யூட் அடிக்க மாட்டார். நான் நிமிர்ந்து பார்த்ததை ஒரு நல்ல காரியமாக மனசில் வைத்திருக்கிறாரே, அதையும் நாளைக்கு அவரிடமிருந்து நான் பிடுங்கப் போகிறேன்.

அன்று சாட்சி சொன்னதில் எனக்கு நிச்சயமாக நினைவிருப்பது இது: "சொல்லிட்டுத்தான் போனான் சார். வாந்தி நிக்கல, மெடிக்கல் ரூமுக்குப் போறேன், கார்டு கமாண்டராண்ட சொல்லிடுன்னான். நான்தான் சார் சொல்லாம வுட்டுட்டேன்." இது மூன்று வாக்கியம். நான்காவதாக ஒன்று சொன்னான், தென்னேரிக்காரரைப் பார்த்துச் சொன்னான். எவ்வளவு யோசித்தும் அது எனக்கு வரவில்லை. அவருக்கு நினைவிருக்கும். கேட்கப் போகிறேன். பையில் ஒரு நோட்டும், சீவின பென்சில் இரண்டும் எடுத்து வைத்திருக்கிறேன். அவர் சொன்னால் சொன்னபடி எழுதுவேன். "உனக்குச் சொல்ல மாட்டேன்" என்று அவர் என்னிடம் சொன்னால், அந்த இடத்தை வெள்ளையாகவே விட்டுவிட்டு வருவேன்.

உன் அம்மா